ஆறு குதிரைப் பீரங்கியும் என்னுடைய கேஸும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் இயக்கத்தில் இருந்தவன். மோட்டார் அணியில் ஒன்றரை வருடம் குண்டு தூக்கினேன். இந்த இரண்டு வசனங்களை என் மனைவியிடம் சொல்ல எனக்குப் பதினான்கு வருடம் பிடித்தது. அதுவும் நானாகச் சொன்னேனா என்றால் இல்லை. துன் நகரத்துப் படைமுகாமில் நின்ற ஒரு பழைய ஜெர்மன் பீரங்கி என் வாயைப் பிளந்து சொல்ல வைத்தது.

சுவிஸுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கேஸ் உண்டு. அகதி விசாரணையில் சொல்லும் கதைக்குத்தான் கேஸ் என்று பெயர். என்னுடைய கேஸைக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் இருந்த ஓர் அண்ணை எழுதித் தந்தார். அதன்படி நான் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தவன். ஒட்டுப்போடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவன். ஆமி பிடித்து அடித்தது, விட்டது, மறுபடி தேடியது. "இயக்கம் எண்டு மட்டும் வாயைத் திறந்திடாதை. அடுத்த பிளேனில ஏத்திப்போடுவாங்கள்" என்று அண்ணை சொன்னார். நான் அந்த நாலு பக்கத்தையும் தேவாரம் போலப் பாடமாக்கினேன். விசாரணையில் கடை முதலாளியின் பட்டப்பெயர் என்ன, பம்ப் எந்த மூலையில் நின்றது என்பதுவரை கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

கேஸ் ஒப்புக்கொள்ளப்பட்டதும் அதை மறந்துவிடுகிறவன் புத்திசாலி. என்னைப் போன்ற மடையர்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து குடிவைத்தோம். ஹோட்டலில் என்னோடு வேலை செய்கிறவர்களிடமும் அதே சைக்கிள் கடை, கலியாணம் பேசி வந்தவர்களிடமும் அதே சைக்கிள் கடை. யாருக்குத் தெரியும், யார் யாரிடம் சொல்வார்கள், பேர்ணில் இருக்கிற அகதிக் கந்தோருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்ற பயம். சில வருடத்தில் அந்தப் பயம் போய்விட்டது. கேஸ் மட்டும் போகவில்லை.

மனைவி ஊரிலிருந்து வந்து இரண்டாவது கிழமை. ஹோட்டலில் மத்தியான வேலை முடிந்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அவள் தன் அக்காவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஷெல் விழுந்து செத்துப்போன அக்கா ஒருத்தி இருந்தாள் என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படி ஒரு சாவு இல்லாத வீடு எது? ஆனால் எந்த ஊர், எந்த மாதம், எப்படி என்று அன்றைக்குத்தான் சொன்னாள்.

விடிந்து கொஞ்ச நேரம். நல்ல மழை பெய்து விட்டிருந்தது. எல்லோரும் பங்கருக்குள் இருந்தார்கள். வேலியோரம் கட்டியிருந்த ஆடு கத்திக்கொண்டே இருந்தது. அக்கா பொறுக்க மாட்டாமல் அதை அவிழ்த்துவிட ஓடினாள். குத்தின சத்தம் கேட்டது. மோட்டாரிலிருந்து குண்டு கிளம்பும்போது வருகிற 'தொம்' என்ற சத்தத்தைத்தான் குத்தின சத்தம் என்போம். அது கேட்டால் சனங்கள் எண்ணத் தொடங்கும். இத்தனை எண்ணினால் விழும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் கணக்குத் தெரியும். அன்றைக்கு எண்ணி முடிக்கவில்லை, அதற்குள் விழுந்துவிட்டது.

"ஒண்டு மட்டும் எனக்கு விளங்கேல்லை" என்றாள். "ஆமிக் காம்ப் இருந்தது எங்களுக்குக் கிழக்கால. அண்டைக்குக் குத்தின சத்தம் மேற்கால இருந்துதான் வந்தது. எல்லாரும் எதிரொலி எண்டு சொல்லிச்சினம். நான் சின்னப்பிள்ளை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. ஆனா எனக்குத் தெரியும், மேற்கால இருந்துதான் வந்தது."

நான் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன். அந்த ஊருக்கு மேற்கே இருந்த பனங்கூடலில், அந்த மழை விட்ட காலையில், காம்பை நோக்கி நாங்கள்தான் மோட்டார் வைத்திருந்தோம். ஊரிலே உருக்கி ஒட்டிச் செய்த மோட்டார். முதல் இரண்டு குண்டும் காம்புக்குப் போகவில்லை. கிட்ட விழுந்துவிட்டது, கூட்டி அடியுங்கோ என்று வோக்கியில் சொன்னார்கள். கிட்ட என்றால் எங்கே என்று நாங்கள் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. கலியாணமாகி இரண்டு கிழமை, மொழி தெரியாத ஊர், என்னைத் தவிர ஒருத்தரும் இல்லாத பெண் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையான நியாயம் வேறு. அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். பிறகு மகள் பிறந்தாள், மகன் பிறந்தான். ஒவ்வொரு வருடமும் அதைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது.

2009 மாசி, பங்குனி, சித்திரை. எங்கள் வீட்டில் டிவி அணையவே இல்லை. ஷெல் அடியில் சிதறின சனத்தைப் பார்த்துப் பார்த்து என் மனைவி சாப்பாட்டை விட்டாள். பேர்ணுக்கு ஊர்வலம் என்றால் இருவரும் போனோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு நாள் டிவிக்கு முன்னால் நின்றபடியே அவள், "ஷெல் அடிக்கிறவன் ஆராயிருந்தாலும் அவன்ர கை அழுகிப் போகவேணும்" என்றாள். என்னைப் பார்த்து, "என்னப்பா?" என்றாள். நான் "ஓம்" என்றேன். ஐயோ, அந்த ஓமை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன்!

சரி, பீரங்கிக்கு வருகிறேன்.

மனைவி துன்னில் ஒரு அல்டர்ஸ்ஹைமில், அதாவது முதியோர் இல்லத்தில், வேலை செய்தாள். குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. அங்கே தொண்ணூறு கடந்த கிழவர் ஒருவர் இருந்தார். வாயைத் திறந்தால் வசவுதான். சூப்பில் உப்பில்லை, ஜன்னல் சரியாகப் பூட்டவில்லை, வேலைக்காரிகள் எல்லோரும் கள்ளிகள். ஆனால் என் மனைவி அவசரப்படாமல் கழுவிவிடுவாள் என்பதற்காக அவளிடம் மட்டும் ஒழுங்காகக் கதைப்பார். அவருடைய கட்டிலுக்கு மேலே ஒரு பழைய படம் தொங்கியது. இரண்டு இரண்டாக ஆறு குதிரைகள். ஒவ்வொரு சோடியிலும் இடப்பக்கத்துக் குதிரையில் ஒரு சிப்பாய். பின்னால் ஒரு பெட்டிவண்டி, அதற்குப் பின்னால் கொளுவி ஒரு பீரங்கி. நடுச்சோடியில் இருக்கிற சிப்பாய்தான் கிழவர்.

வேலை முடிந்த மனைவியைக் காரில் ஏற்றிவர நான் போகிற நாட்களில் அவருடைய அறை வாசலில் காத்து நிற்பேன். என்னைப் பிடித்து வைத்துக் கதை சொல்வார். இரண்டாம் உலகப் போரில் அவர் எல்லையில் நின்றாராம். குதிரை ஓட்டுகிறவனுக்கு ஃபாரர் என்றும், பீரங்கி சுடுகிறவனுக்குக் கனோனியர் என்றும் பெயர். ஃபாரர்மார் மனிதர்கள், கனோனியர்மார் காது செத்த முட்டாள்கள் என்பது அவருடைய முடிவு. பீரங்கி, முதலாம் உலகப் போருக்கும் முந்தி ஜெர்மன் ஆலையொன்றில் செய்து சுவிஸ்காரர் வாங்கியது. ஜெர்மன்காரன் வந்தால் ஜெர்மன்காரனின் பீரங்கியாலேயே அவனுக்கு அடிப்பதென்று இவர்கள் வருடக்கணக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார்கள். அவன் வரவில்லை. ஆறு குதிரைகளையும் இழுத்துக்கொண்டு மலை ஏறினார்கள், இறங்கினார்கள், வீட்டுக்குப் போனார்கள். அந்தப் பீரங்கியிலிருந்து ஒரு குண்டுகூட ஒரு மனிதன்மேல் போகவில்லை என்று கிழவர் ஒருநாள் கொஞ்சம் வருத்தத்தோடு சொன்னார். எனக்கு அவர்மேல் வந்த பொறாமையை எந்த மொழியில் சொல்வது என்று தெரியவில்லை. சிரித்துவிட்டு வந்தேன்.

அந்தக் கோடையில் படைமுகாமில் ஒரு திறந்த நாள் வைத்தார்கள். பழைய சீருடை போட்டுக்கொள்கிற சங்கத்துக்காரர் அந்தக் காலத்துப் பீரங்கியைக் குதிரை பூட்டிக் கொண்டுவந்து காட்டப்போவதாகக் கிழவரின் காதுக்கு எட்டிவிட்டது. தன்னைக் கொண்டுபோகாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதம். இல்லத்தில் நாலு பேரைச் சக்கர நாற்காலியில் கூட்டிப் போவதென்று முடிவாயிற்று. தள்ள ஆள் போதாது.

"இஞ்சாருங்கோ, சனிக்கிழமை உங்களுக்கு ஓய்வுதானே. நீங்களும் ஒருக்கா வாங்கோவன்" என்றாள் மனைவி.

"எனக்கு ஏன் உந்த ஆமி விளையாட்டு?"

"வெடி வைப்பினமாம். வெறும் வெடிதானாம், எண்டாலும் எனக்குக் கிட்ட நிக்க ஏலாது. கிழவர் முன்வரிசை வேணுமெண்டு கத்துறார். நீங்கள் நிண்டால் எனக்குத் துணிவு."

துணிவுக்கு என்னைக் கூப்பிடுகிறாள். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் என்ன காரணம் இருந்தது? சைக்கிள் கடைக்காரன் ஒரு வெறும் வெடிக்கு ஏன் பயப்பட வேண்டும்? போனேன்.

புல்வெளியைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டும் தகப்பன்மார் தோளில் ஏறிக்கொண்டும் நின்றார்கள். குதிரைகள் வந்த சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். ஆறு குதிரைகளின் கால், சங்கிலி, இரும்புப் பட்டை அடித்த மரச்சில்லு, எல்லாம் சேர்ந்து நிலம் அதிர்ந்தது. கிழவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நடுச்சோடி கடந்து போனபோது அவருடைய இடது கை கடிவாளம் பிடிப்பதுபோல மடங்கி நின்றது. எழுபது வருடத்துக்குப் பிறகும் கை மறக்கவில்லை. பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய கையைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

பெட்டிவண்டியைக் கழற்றி, குதிரைகளை அப்பால் நடத்திக்கொண்டு போனார்கள். பீரங்கி தனியாக நின்றது. நான் நினைத்ததைவிடச் சிறியது. இரண்டு பெரிய சில்லு, நடுவே ஒரு இரும்புத் தகடு, அதற்குள்ளால் நீட்டிக்கொண்டு ஒரு குழாய். பின்பக்கத்து இரும்பு வால் நிலத்தில் குத்தி நின்றது. ஒலிபெருக்கியில் ஒருவர் விளக்கம் சொன்னார். இதில் வெடிக்கும்போது குழாய் மட்டும் பின்னால் போய்த் திரும்பி வருமாம், சில்லு அசையாதாம். அதைக் காட்ட ஒரு கிளாஸ் தண்ணீரைச் சில்லின்மேல் வைத்தார்கள். சனம் கைதட்டியது.

நான் கிழவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். மனைவி எனக்கு இடப்பக்கத்தில், இன்னொரு ஆச்சியின் நாற்காலியைப் பிடித்தபடி நின்றாள். சீருடைக்காரர் ஐந்து பேர் தங்கள் தங்கள் இடத்துக்கு ஓடினார்கள். ஒருவன் குனிந்து வெடியை உள்ளே தள்ளினான். மற்றவன் பூட்டினான். அதிகாரி வேஷம் போட்டவர் கையை உயர்த்தினார்.

அந்தக் கை உயர்ந்தது மட்டும்தான் எனக்கு நினைவு. அதற்குப் பிறகு நடந்ததை என் உடம்பு செய்தது. கை இறங்குவதற்கு முன்பே நான் இடப்பக்கமாகச் சரிந்து ஒரு முழங்காலை மடித்துவிட்டேன். வலக்காது தோளில், இடக்காதில் உள்ளங்கை, வாய் திறந்தபடி. வெடித்தது. அந்தக் கணமே நிமிர்ந்து, வலக்கையைப் பின்னால் நீட்டி அடுத்த குண்டுக்குக் காத்திருந்தேன். உதடு எண்ணிக்கொண்டிருந்தது. ஒண்டு, ரெண்டு, மூண்டு. வெறும் வெடி, எங்கேயும் விழப்போவதில்லை. இருந்தும் எண்ணினேன், சத்தமாக.

மனைவி எங்கள் சனம் எல்லோரும் செய்வதைத்தான் செய்தாள். சத்தம் கேட்டதும் நாற்காலிக்குப் பின்னால் குந்தி, தலையைக் கையால் மூடிக்கொண்டாள். பிறகு தலையைத் தூக்கினாள். நிலத்திலிருந்து மேலே பார்த்தவளுக்கு நான் தெரிந்தேன். பின்னால் நீட்டிய என் கை தெரிந்தது.

கிழவர் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துவிட்டார். பல் இல்லாத வாய் முழுக்கச் சிரிப்பு. "கனோனியர்!" என்று கத்தினார். "ஏய், இவன் கனோனியர்! இத்தனை நாளும் எனக்குச் சொல்லாமல் இருந்திட்டானே, களவாணி!" அவர் கத்தியது இந்த ஊர்ப் பேச்சில். எனக்கு அரைவாசிதான் பிடிபடும். மனைவிக்கு முழுவதும் விளங்கும், அவள் நாள் முழுக்க அதில்தான் கதைக்கிறாள்.

இரண்டாவது வெடிக்கு அசையக்கூடாது என்று நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்தேன். பிரயோசனமில்லை. உடம்பு மறுபடியும் சரிந்தது.

வெடி முடிந்ததும் கிழவர் சும்மா இருந்தாரா? சீருடைக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். பீரங்கி பூட்டியவன் வந்து எனக்குக் கை தந்தான். நல்ல மனிதன், முகமெல்லாம் சந்தோஷம். எந்த நாட்டுப் படை, என்ன ரகப் பீரங்கி என்று கேட்டான். நான் சொன்னதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. "நைன், நைன். வெலோ கடை. நான் வெலோ கடையில் வேலை செய்தவன்" என்றேன். வெலோ என்றால் இங்கே சைக்கிள். பேர்ண் விசாரணையில் சொன்ன அதே வசனம், அதே ஜெர்மன். அவன் குழம்பிப்போய்ச் சிரித்துவிட்டுப் போனான். மனைவி எழுந்து நின்று தன் உடுப்பில் ஒட்டிய புல்லைத் தட்டினாள். என்னைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. சமைத்தாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள், வேலைக்குப் போனாள். என்னிடம் கதைக்க வேண்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லியனுப்பினாள். ஹோட்டலில் இரண்டு தட்டை உடைத்தேன். கேட்டுத் தொலையடி அம்மா என்று மனதுக்குள் கெஞ்சினேன். கேட்டுவிடாதே என்றும் கெஞ்சினேன்.

பத்தாம் நாள் இருவருக்கும் ஓய்வு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். நான் குசினிக்குள் போனேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

"அண்டைக்கு மேற்கால நிண்டது நீங்களோ?"

"இஞ்சாரும், அதைப் பற்றி..."

"நிண்டனீங்களோ, இல்லையோ?"

"இருக்கலாம்."

துணியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பினாள். "இருக்கலாம் எண்டு ஒரு கதை இல்லை. நான் உங்களிட்டை ஊரைச் சொன்னனான், மாசத்தைச் சொன்னனான், மழையைச் சொன்னனான். எனக்கு முன்னால இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள். நிண்டனீங்களோ?"

"நிண்டனான்."

கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்தாள். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனேன். காம்பிலிருந்து அவர்கள் எத்தனை பேரைக் கொன்றார்கள், நாங்கள் அதற்குத்தான் அடித்தோம், வேணுமென்று ஊருக்குள் அடிப்போமா, எனக்கு அப்போது பத்தொன்பது வயது. எல்லாம் உண்மை. அவள் மறுக்கவும் இல்லை. காதில் விழுத்தவும் இல்லை.

"எனக்குச் சொன்னது காணாது" என்றாள் கடைசியில். "அம்மாவுக்குச் சொல்லுங்கோ."

"விசரே உமக்கு? மாமிக்கு வயசு போட்டுது. பிரஷர் வேற. இத்தனை வருசத்துக்குப் பிறகு அவவுக்கு ஏன்?"

"அக்கா செத்த நாளில இருந்து அம்மா கிழக்குப் பக்கம் பாத்து மண் அள்ளித் தூத்துறா. காம்பைப் பாத்து. விடியக் கும்பிட்டு முடிய ஒரு பிடி மண். நான் சின்னனில இருந்து பாத்தனான். இப்பவும் தூத்துறா. நீங்கள் அந்தத் திசையையாவது திருத்திக் குடுங்கோ."

மண் அள்ளித் தூற்றுவது எங்கள் ஊரில் விளையாட்டில்லை. வேறொன்றும் செய்ய முடியாத சனம் செய்கிற சாபம் அது. இருபது வருடத்துக்கு மேலாக எனக்கு வரவேண்டியது வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்திருக்கிறது.

சனிக்கிழமை பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போன பிறகு ஃபோன் எடுத்தோம். மனைவி ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். மாமி வழக்கம்போல முதலில் என்னைத்தான் விசாரித்தா. "தம்பி, சாப்பிட்டனீங்களோ? உந்தக் குளிருக்குக் காதைக் கட்டுங்கோ" என்றா. கோடை என்று எத்தனை தரம் சொன்னாலும் அவவுக்கு சுவிஸ் என்றால் குளிர்தான். பெற்ற தாய் இல்லாத எனக்கு அந்தக் குரல்தான் தாய்.

சொன்னேன். கேஸ் பொய் என்பதிலிருந்து தொடங்கி, பனங்கூடல், மோட்டார், முதல் இரண்டு குண்டு என்று சொன்னேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மனைவிக்குச் சொன்னதும் அவ்வளவுதான். ஆனால் மாமி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தா. அந்த மௌனத்துக்கு முன்னால் மிச்சத்தையும் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. குண்டைத் தள்ளும் வெடிமருந்துப் பைகளுக்கு நான்தான் பொறுப்பு. மழையில் நனையாமல் மூட ஒரு பொலித்தீன் தந்திருந்தார்கள். விடியப்புறம் குளிர் தாங்கவில்லை. ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை, அந்தப் பொலித்தீனை எடுத்து நான் போர்த்துக்கொண்டேன். மேலே இருந்த இரண்டு பைகளும் ஈரமாகிவிட்டன. தொட்டுப் பார்த்தேன், தெரிந்தது. பேச்சு வாங்க வேண்டுமே என்று சொல்லாமல் கொடுத்துவிட்டேன். ஈர மருந்து குண்டை அரைவாசித் தூரம்தான் தள்ளும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, என்னுடைய அணிக்காரருக்குக்கூட. பக்கத்தில் இருந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஃபோனில் காகம் கத்துவது கேட்டது. யாரோ மோட்டார்சைக்கிளில் ஒழுங்கையால் போனார்கள்.

"பொலித்தீனோ?" என்றா மாமி.

"ஓம் மாமி."

"ஓம். அண்டைக்கு நல்ல மழைதான்."

நான் "மாமி, மாமி" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். திட்டச்சொல்லிக் கேட்டேன். திட்டுங்கோ மாமி, என்னை நாசமாய்ப் போ எண்டு சொல்லுங்கோ என்றேன்.

"பேரப்பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றா. "மகளிட்டைக் குடுங்கோ."

இன்றுவரை சொல்லவில்லை. மாமி போய்ச் சேர்ந்தும் சில வருடமாகிறது. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளியில் படித்தது கடைப் பலகை வாசிக்கத்தான் போதும். இவ்வளவு நீளத்துக்கு வாசிக்க மாட்டார்கள் என்ற துணிவில்தான் இதை எழுதுகிறேன். அதுவும் ஒரு கோழைத்தனம்தான், தெரியும்.

மனைவி ஸ்பீக்கரை நிற்பாட்டி ஃபோனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் குசினி மேசையிலேயே இருந்தேன். அவளுடைய குரல் கேட்கவே இல்லை. மாமிதான் கதைத்திருக்க வேண்டும். நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முகம் வீங்கியிருந்தது.

"என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"இனி உங்களோட கதைக்க மாட்டாவாம். ஃபோன் எடுத்தா நீங்கள் கிட்ட நிக்கக்கூடாதாம்."

"வேற?"

"உங்களை விட்டிட்டுப் போக வேண்டாமாம். பிள்ளையள் தேப்பன் இல்லாமல் வளரக்கூடாதாம்."

எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. வெட்கம் கெட்டவன், அந்த நேரத்திலும் எனக்கு நிம்மதி வந்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் கிட்ட வந்து நின்றாள்.

"அம்மா சொன்னபடியால இருக்கிறன். வேற ஒண்டுக்குமில்லை. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கவேணும். பிள்ளையளுக்கு முன்னால நான் சிரிப்பன். நீங்களும் சிரிக்கவேணும்."

கீழே வாசல் கதவு அடித்துச் சாத்தியது. படியில் பிள்ளைகள் இருவரும் போட்டிபோட்டு ஓடிவருகிற சத்தம் கேட்டது. அவள் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவி, துவாயால் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். மகள் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, "அப்பா, பசிக்குது" என்றாள்.

நான் சிரித்தேன்.